ஒன்பதாம் நாள் கூறு

வருகிற வண்டியின் சத்தத்தை வைத்தே ஆள் யார் என்று சொல்லிவிடுவாள் பெற்றிசியா. சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊரே அதிர வருகிறவன் நாள்வட்டிக்கார றொசாந்தன். சிணுங்குகிற மாதிரி மெல்லிசாகக் கேட்டால் அது வாராவாரம் வசூலுக்கு வருகிற கிழமைக் கடன் கம்பனிப் பெடியனின் ஸ்கூட்டி. இருமி இருமி வந்தால் எருக்கலம்பிட்டிக் கருவாட்டு முதலாளி ஜவாஹிரின் சின்ன லொறி. இந்த மூன்றில் எது கேட்டாலும் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, கருவாடு காயப்போடுகிற வாடிக்குப் பின்னால் இருக்கிற தாழைப் பற்றைக்குள் போய்விடுவாள். அங்கே அவளுக்கு முன்னமே ஊர்க்கழுதைகள் இரண்டு நிழலுக்கு நிற்கும். தொடக்கத்தில் அவளைக் கண்டதும் மிரண்டு விலகின கழுதைகள், இப்போது காதைக்கூட அசைப்பதில்லை.

தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று அடங்குகிற காலம். அடங்குகிற காற்றுக்குத்தான் திமிர் கூட. மண்ணை வாரி வாரி அடித்தது. பழைய வலையை விரித்து அதன்மேல் போட்டிருந்த காரல் மீனைப் புரட்டுவதும், மண்ணைத் தட்டுவதும், மறுபடி புரட்டுவதுமாக அவள் காலையிலிருந்து நின்ற இடத்தில் நிற்கவில்லை. கரையோரத்துப் பெரிய மின்சாரக் காற்றாடிகள் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அவளும் அப்படித்தான் சுற்றினாள். கைத்தொலைபேசியைச் சத்தம் வராமல் செய்து அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்தாள். வீட்டுத் தொலைபேசியை எடுத்து, அம்மா இல்லை என்று சொல்லுகிற வேலை மகள் டினோஜாவுக்கு. அவளும் போன கிழமை கையை விரித்துவிட்டாள்.

"இனி என்னால ஏலாதம்மா. ஒவ்வொரு கிழமையும் பாவசங்கீர்த்தனத்தில பொய் சொன்னன் சாமி, பொய் சொன்னன் சாமி எண்டு இதையே சொல்லுறன். சாமிக்கே அலுத்துப் போச்சு."

கடன் எப்படி வந்தது என்று கேட்டால், பெருமையால் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஊரின் கத்தோலிக்கக் கோயில் பெருநாளுக்கு முன்னால் ஒன்பது நாள் நடக்கிற நவநாளில் ஒன்பதாம் நாள், பெற்றிசியாவின் புருஷன் றெனால்டின் வீட்டுக்கு உரியது. அன்றைக்குப் பூசை முடிந்ததும் ஊர் முழுவதற்கும் சாப்பாடு. மேளம், லைற், மெழுகுதிரி எல்லாம் அந்த வீட்டுச் செலவு. அவன் தகப்பன் காலத்திலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் றோலர் இழுவைப் படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போன வருஷம், வீட்டில் சல்லிக்காசு இருக்கவில்லை. றெனால்ட் இடிந்துபோய் முற்றத்தில் இருந்தான். அந்த முகத்தைப் பார்க்கப் பெற்றிசியாவால் முடியவில்லை. "என்ர சீட்டுக்காசு கிடக்கு, யோசியாதேங்கோ" என்றாள். சீட்டும் இல்லை, காசும் இல்லை. கருவாட்டு வியாபாரத்துக்கு என்று சொல்லிக் கிழமைக் கடன் எடுத்தாள்.

கிழமைக் கடனுக்குக் காற்றும் தெரியாது, கடலும் தெரியாது. சோளகம் அடித்துக் கடல் கொந்தளித்து வள்ளங்கள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கிற மாதங்களிலும் கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். அதைக் கட்ட றொசாந்தனிடம் நாள்வட்டிக்கு வாங்கினாள். றொசாந்தனுக்குக் கட்ட, கருவாடு தருகிறேன் என்று ஜவாஹிரிடம் முற்காசு வாங்கினாள். அந்தக் கரையில் ஆம்பிளை உழைத்துக் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி, அதற்குப் பிறகு காசு பெண்ணின் கையில். றெனால்ட் ஒரு நாளும் கணக்குக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று இப்போது அவளுக்கு அவன்மேல் கோபம்கூட வந்தது. யார்மேலாவது கோபப்பட்டால்தானே மூச்சு விடலாம்.

அன்றைக்கு வண்டிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆள் நடந்தே வந்தது. பெற்றிசியா காலடிச் சத்தத்துக்கே பற்றைக்குள் பாய்ந்துவிட்டாள்.

"எடியேய், வெளிய வா. கழுதையளோட என்னடி கதை?"

கடன் குழுத் தலைவி ஜெஸ்லியாவின் குரல். ஐந்து பெண்கள் சேர்ந்த குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் சேர்ந்து அவளுடைய பங்கையும் கட்டினால்தான் கம்பனிப் பெடியன் பையை மூடிக்கொண்டு எழும்புவான்.

"விறகு பாக்க வந்தனான் அக்கா."

"தாழைக்குள்ள என்ன விறகு? தலை முழுக்க முள்ளு. வா இஞ்சால."

பெற்றிசியா தலையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஜெஸ்லியா கவிழ்த்துப் போட்ட வாளியில் குந்தியிருந்து, ஒரு காரலை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள்.

"போன கிழமை உன்ர காசை ஆர் கட்டினது தெரியுமோ?"

"நீங்கள் நாலு பேரும் சேந்து..."

"மற்ற மூண்டு பேரும் ஏலாதெண்டிட்டாளவை. அவளவையிலயும் பிழை சொல்லேலாது. நான்தான் கட்டினனான். மறியாட்டை வித்துப்போட்டன்."

"எது, அந்த வெள்ளைக் காதோ?"

"வேற என்ன என்னட்டக் கிடக்கு? பத்து ஆட்டுப் பட்டியோ வச்சிருக்கிறன்?"

அந்த ஆடு காலையில் பெற்றிசியா வீட்டு வாசலுக்கு வந்து நின்று, கஞ்சித் தண்ணீர் வைக்கும்வரை கத்துகிற ஆடு. நாலைந்து நாளாகச் சத்தமே இல்லை. எங்கே என்று ஒருதரம் நினைத்தாள்தான், ஆனால் கேட்கப் பயந்து விட்டுவிட்டாள். இவ்வளவு நாளும் தனக்காக அழுதவள் இப்போது அந்த ஆட்டுக்காக அழுதாள்.

"அழுகையை வச்சிரு. அதுக்கு வேற நேரம் கிடக்கு. மொத்தம் எவ்வளவடி? எல்லாருக்கும் சேத்து."

"தெரியாதக்கா."

"தெரியாதோ?"

"கூட்டிப் பாக்கேல்லை. கூட்டினா உண்மையாப் போயிடும் போல கிடக்கு."

"கூட்டாமல் விட்டாப் பொய்யாப் போகுமோ?" ஜெஸ்லியாவின் குரல் சற்று இறங்கியது. "கேள். நாளைக்குக் கம்பனி மனேஜர் கரைக்கு வாறாராம். றெனால்டோட நேர கதைக்கப் போறாராம். வலை இழுத்து மீன் பிரிக்கிற நேரம், ஊர்ச்சனம் எல்லாம் நிக்கேக்க, உங்கட மனிசி இவ்வளவு தரோணும் எண்டு கேட்டா அந்த மனிசன் என்ன செய்யும்? யோசிச்சியோ?"

"நீங்கள் சொல்லுங்கோவன் அக்கா அவருக்கு."

"நானோ? புருஷனும் உன்ர, கடனும் உன்ர. ஆடு மட்டுந்தான் என்ர." எழும்பிப் போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "ஒளியிறதெண்டா மற்றவையிட்ட ஒளி. என்னட்ட ஒளியாத. எனக்கு அதுதான் தாங்கேலாமல் கிடக்கு."

மத்தியானம் சாப்பாட்டில் சொல்லிவிடுவது என்று முடிவு. சோறும் காரல் சொதியும் முருங்கையிலைச் சுண்டலும். றெனால்ட் காற்று மாறுகிற சந்தோஷத்தில் இருந்தான். நாளைக்குப் பெரிய வலை போடுகிறார்கள், நல்ல மீன் படும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

"இஞ்சருங்கோ," என்றாள்.

"என்ன?"

"உப்புக் காணுமோ, இன்னும் வேணுமோ?"

"காணும். கேட்டியோ, முருங்கன் பக்கம் புதுசா ஒரு பாண்ட் செற் இருக்காம். ஒன்பதாம் நாளுக்கு அவங்களைச் சொல்லுவமோ? போனமுறை அவ்வளவு எடுப்பில்லை."

"இஞ்சருங்கோ..."

"சொல்லன்."

"சொதி இன்னும் கொஞ்சம் விடவோ?"

"இப்பதானே விட்டனீ. உனக்கு என்ன நடந்தது?"

அந்த நேரம் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள். பெற்றிசியா சோற்றுக் கோப்பையோடு எழும்பிவிட்டாள். வண்டி நிற்காமல் போனது.

"ஏன் எழும்பினனீ?"

"கழுதை வேலிக்குள்ள வாற மாதிரிக் கிடந்தது."

"கழுதை மோட்டச்சைக்கிள்ளயோ வருது?" என்று சிரித்துவிட்டு அவன் கை கழுவப் போனான். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கொன்றது. அவன் ஒருமுறை ஏசியிருந்தால், அந்த வேகத்திலேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள்.

பின்னேரம் வாடியில் காய்ந்த காரலை அள்ளிக் குவித்தாள். இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. குவியலிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சாக்கின்மேல் ஒரு கூறாக வைத்தாள். இது கம்பனிக்கு. பக்கத்தில் இன்னொன்று. இது றொசாந்தனுக்கு. மூன்றாவது ஜவாஹிர் நானாவுக்கு. ஆளுக்கு இவ்வளவு என்று மனதில் இருந்ததற்குத் தக்கபடி கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொண்டு போனாள். மூன்று கூறு போட்டு முடிய, குவியல் இருந்த இடத்தில் செதில் மட்டும் கிடந்தது. அவ்வளவுதானா என்றும் இருந்தது, இவ்வளவா என்றும் இருந்தது. கடனுக்கு ஒரு உருவம் வந்துவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆற்ற கூறு இது?"

றெனால்ட். வலை பொத்துகிற ஊசி கையில். நூல் எடுக்க வந்திருந்தான்.

அந்தக் கரையில் மீன் பிரிக்கிற முறை ஒன்று உண்டு. பெரிய வலை இழுத்து முடிந்ததும் மீனைக் கூறு கூறாக மணலில் வைப்பார்கள். ஒருவர் ஒவ்வொரு கூறாகக் கையைக் காட்டி "இது ஆருக்கு?" என்று கேட்பார். இன்னொருவர் மீனுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்தபடி நின்று பெயர் சொல்லுவார். காணாமல் சொல்லுகிறவர் கள்ளம் செய்ய முடியாது. எல்லாம் பிரித்து முடிந்து, "முடிஞ்சுது, திரும்பலாம்" என்று கைகாட்டுகிறவர் சொல்லும்வரை அவர் திரும்பக்கூடாது. பெயர் சொல்லுகிறவன் றெனால்ட். அவனுக்கு முன்னால் அவன் தகப்பன்.

"இஞ்சருங்கோ, கடல் பக்கம் திரும்பி நில்லுங்கோ."

"என்ன விளையாட்டு?"

"கூறு சொல்லேக்க நிக்கிறனீங்கள்தானே, அப்பிடி. நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். நான்தான் சொல்லப்போறன். முகத்தைப் பாத்தா எனக்கு வாய் வராது."

சிரித்துக்கொண்டுதான் திரும்பினான். பெற்றிசியா அவன் முதுகைப் பார்த்தாள். சட்டையில் உப்புப் பூத்திருந்தது. முதல் கூறில் கையை வைத்தாள்.

"இது கிழமைக் கடன் கம்பனிக்கு."

"எந்தக் கம்பனி?"

"இது றொசாந்தனுக்கு. நாள்வட்டி." அவன் தோள் அசைந்தது. "திரும்பாதேங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன். இது ஜவாஹிர் நானாவுக்கு. கருவாடு தாறனெண்டு முற்காசு வாங்கினனான். கருவாட்டை வேற இடத்தில வித்து றொசாந்தனுக்குக் கட்டினனான். நானாவுக்குக் காத்து ஈரம், காயேல்லை எண்டு பொய் சொன்னனான். பிறகு ஜெஸ்லியாக்கா. என்ர கிழமைக் காசைக் கட்ட ஆட்டை வித்துப்போட்டா. அவவுக்குக் கூறு போடேல்லை. மீன் காணேல்லை."

காற்று சாக்கின் ஓரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது.

"எப்ப துவங்கினது?"

"றோலர் வலையை அறுத்த வருஷம். ஒன்பதாம் நாளுக்கு."

"அது உன்ர சீட்டுக்காசெண்டெல்லோ சொன்னனீ."

"அப்பிடி ஒரு சீட்டு இருக்கேல்லை."

அவன் ஊசியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றான். "மொத்தம்?"

வாய்விட்டுக் கூட்டினாள். முதல் தரம். இரண்டு இடத்தில் பிழைத்து, திரும்பத் தொடங்கினாள். "ஆறு லட்சத்துக்குக் கிட்ட வரும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் ஒன்பதாம் நாளை விட்டிருப்பியள். விட்டுப்போட்டு, பிறகு கோயில் பக்கமே போயிருக்க மாட்டியள்."

அவள் சொல்லாமலே அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சாக்கைப் பார்த்தான்.

"வலைக்கூறு எங்க?"

கரையில் எந்தப் பிரிப்பும் வலைக்கு ஒரு கூறு எடுத்த பிறகுதான் தொடங்கும். வலை பொத்த, கயிறு வாங்க, அடுத்த நாள் கடலுக்குப் போக.

"அதுக்கு மீனில்லை."

"வலைக்கு எடாமல் ஆர் பிரிச்சது? எல்லாத்தையும் இவங்களுக்குக் குடுத்துப்போட்டு, சோத்துக்கு நாளைக்கு வேற ஒருத்தனிட்ட வாங்குவியோ?" குந்தியிருந்து மூன்று கூறிலும் ஒவ்வொரு பிடி எடுத்து முன்னால் தனியாக ஒரு கூறு வைத்தான். அதை இரண்டு தரம் அழுத்தித் தட்டினான். கோபமா அழுகையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "எல்லாரையும் நாளைக்குக் கரைக்கு வரச் சொல்லு. நீயே சொல்லு."

"அங்க சனமெல்லாம் பாக்கும்."

"பாக்கட்டும். பாக்கத்தானே அங்க வச்சுப் பிரிக்கிறது."

தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டான். பெற்றிசியா அரிசி வாளிக்குள் கையை விட்டுத் தொலைபேசியை எடுத்தாள். முதலில் றொசாந்தனுக்கு.

"ஆர், அக்காவோ? நீங்களோ எடுக்கிறியள்?" அவன் நம்பவில்லை. பின்னால் யாரிடமோ, "டேய், அந்த அக்கா அவவா எடுக்கிறா" என்று சொல்லுவது கேட்டது.

மறுநாள் வலையில் கும்பளாவும் பாரையுமாக நல்ல மீன். வலை இழுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த பிறகு, றெனால்ட் தன் பங்கை அள்ளி மணலில் கொட்டினான். அவனே கூறு வைத்தான். முன்னால் ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஜெஸ்லியா நிற்கிற பக்கமாக, சற்றுத் தள்ளி, சின்னதாக ஒன்று. அந்தக் கடைசிக் கூறைக் கண்டதும் பெற்றிசியா ஒரு அடி பின்வாங்கினாள். பெருநாள் கிட்டுகிற நாட்களில் அந்த வீட்டுப் பங்கில் ஒரு சின்னக் கூறு தனியே வைப்பது ஊருக்கே தெரிந்த வழக்கம். அது ஒன்பதாம் நாளுக்கு. அப்படியானால் இந்த மனிசன் அதை விடப்போவதில்லை. திரும்பவும் அதே சுழிக்குள்தான்.

மனேஜர் சப்பாத்தோடு மணலில் புதைந்து புதைந்து வந்தார். றொசாந்தன் வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு வந்திருந்தான், சத்தமில்லாமல் பார்க்க அவன் வெறும் பெடியனாகத்தான் தெரிந்தான். ஜவாஹிர் தராசோடு நின்றார்.

"நானா, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்," என்றாள் பெற்றிசியா. எல்லோருக்கும் கேட்டது.

"தெரியும் தங்கச்சி. காசுக்கு எனக்குக் கோவமில்ல. காத்து ஈரமெண்டு எனக்கே சொன்னதுக்குத்தான் கோவம். நான் காத்தைப் பாக்காத ஆளா?" என்றவர் தராசைக் கீழே வைத்தார். "தொண்ணூறில முஸ்லிம் ஆக்களை வெளியேத்தி நாங்க வெளிக்கிட்டுப் போகக்குள்ள எங்கட வாப்பாட காசு இந்தக் கரையில கிடந்த. எத்தனையோ வருசத்துக்குப் பொறகு வந்து நிக்கக்குள்ள, இந்த றெனால்ட்ர அப்பாதான் தேடிவந்து தந்த. அதால பொறுக்கிறன். ஆனா இனிப் பொய் வேணாம்."

"கம்பனிக்கு மீன் எடுக்கேலாது," என்றார் மனேஜர்.

"நான் நிறுத்துக் காசு தாறன் சேர். நீங்க காசை எடுங்க," என்றார் ஜவாஹிர்.

"கிழமைக்குக் கட்ட வேண்டிய தொகைக்கு இது காணாதே."

றெனால்ட் நிமிர்ந்தான். "மீன் படுற நாளில கூடத் தருவம். படாத நாளில குறையத் தருவம். ஒளிய மாட்டம். மற்ற நாலு பொம்பிளையளிட்ட இனி எங்கட காசைக் கேக்காதேங்கோ."

"மேலிடத்தில கேட்டுத்தான் சொல்லோணும்."

"கேளுங்கோ. நாங்கள் இஞ்சதான் நிப்பம்."

றொசாந்தன் முன்னால் இருந்த கூறைக் காலால் காட்டினான். "இது என்ன அண்ணை, உங்களுக்கோ? கடன்காரன் நிக்கேக்க வீட்டுக்குக் கூறோ?"

"காலை எடு தம்பி," என்றார் ஜவாஹிர். "வலைக்கூறு வைக்காம இந்தக் கரையில எப்ப பிரிச்ச?"

"உனக்கு முதலுக்குத்தான் கூறு," என்றான் றெனால்ட். "வட்டி கட்டினது காணும். அதுவே முதலைத் தாண்டிப் போச்சு. இதில நிக்கிற ஆரையும் கேள்." நின்ற சனம் றொசாந்தனையே பார்த்தது. அவன் காலை எடுத்தான்.

றெனால்ட் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றான். "பெற்றி, நீ காட்டு."

அந்தக் கரையில் பெண் ஒருத்தி கூறு காட்டியதில்லை. யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். பெற்றிசியா முன்னால் வந்தாள். பற்றைக்குள் ஓடி ஓடிப் பழகின கால், இன்னும் ஓடத்தான் பார்த்தது. மணலில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

"இது ஆருக்கு?"

"வலைக்கு."

"இது?"

"கம்பனிக்கு."

"இது?"

"ஜவாஹிர் நானாக்கு."

"இது?"

"றொசாந்தனுக்கு."

ஆறு லட்சத்தில் அன்றைக்குக் குறைந்தது ஒரு நகக்கண் அளவுதான். அது அவளுக்கும் தெரியும். கடைசிக் கூறுக்குக் கையை நீட்டினாள். றெனால்டின் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"இது... ஆருக்கு?"

அலை ஒன்று வந்து அவன் காலை நனைத்துவிட்டுப் போனது.

"ஜெஸ்லியாட ஆட்டுக்கு."

சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. கோயில் மூப்பர் தொண்டையைச் செருமினார். "அப்ப... ஒன்பதாம் நாள், றெனால்ட்?"

"இந்தமுறை வேற ஆரும் எடுங்கோ," என்றான் அவன், கடலைப் பார்த்தபடியே. "நாங்கள் சாப்பிட வாறம்."

ஜெஸ்லியா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இந்தக் கூறு காணாது, இப்பவே சொல்லிப்போட்டன். அது சினைமறி."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், மனேஜர்கூட. றெனால்டின் முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பெற்றிசியா கூறுகளைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

"முடிஞ்சுது," என்றாள். "இனித் திரும்புங்கோ."